கொசுறுக்கு ஒரு கட்டம்

ஜனவரி 6, திங்கள்

எண்ணெய் மில்காரர் இந்த வருடமும் டைரி கொடுத்தார். போன வருடத்து டைரி குக்கரை இறக்கி வைக்கும் மணையாகிவிட்டது. இதை அப்படி விடுவதாக இல்லை. கடையை ஆன்லைனில் போடப் போகிறோம். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். யார் எதைச் சொன்னார் என்று எழுதி வைக்காவிட்டால், நாளைக்கு ஏதாவது கோளாறு என்றால் என் வீட்டுக்காரர் எல்லாம் என் பெண்டாட்டி ராஜகனி சொன்னதுதான் என்று கையைக் கழுவிவிடுவார். நல்லபடியாக நடந்துவிட்டால் மட்டும் அது அவர் யோசனை.

கடை சாத்தூர் பஜாரில் இருக்கிறது. ஆர்.டி. பிரதர்ஸ். காராச்சேவு, சீவல், மிக்சர். ஆர் என்றால் ரத்தினம், என் வீட்டுக்காரர். டி என்றால் தவமணி, அவர் தம்பி. தம்பி இப்போது கடையில் இல்லை, போர்டில் மட்டும் இருக்கிறார்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகன் ஜெயசீலன் என்பவரை அனுப்பி வைத்திருக்கிறான். சிவகாசிக்காரர். இணையத்தில் கடை அமைத்துக் கொடுப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. எதைச் சொன்னாலும் 'சூப்பர்க்கா' என்கிறார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் லேப்டாப்பை விரித்து வைத்து, கடை போட நாலு வழி இருக்கிறது, எது வேண்டும் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றார். எல்லாரும் விற்கிற பெரிய சந்தைத் தளத்தில் நாமும் ஒரு மூலையில் உட்காரலாம். வாட்ஸப்பிலேயே ஆர்டர் வாங்கும் சின்னக் கடை போடலாம். இலவச மென்பொருளை எடுத்துச் சொந்தமாகக் கட்டலாம். இல்லை, மாத வாடகைக்குக் கட்டி வைத்த கடை ஒன்றைப் பிடிக்கலாம்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். வாங்குகிறவர் பேரும் ஊரும் நம் கண்ணுக்குத் தெரியுமா?

'அக்கா பிசினஸ்ல கில்லாடி' என்றார் ஜெயசீலன். என் வீட்டுக்காரர் காதில் வாங்காமல் சேவை நிறுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 9, வியாழன்

சந்தைத் தளத்துக்கு இவர் ஒரே அடியாகச் சரி சொல்லிவிட்டார். அவர்களே வந்து எடுத்துப் போவார்கள், அவர்களே விளம்பரம் செய்வார்கள், நமக்கு நோவு இல்லை என்கிறார். உட்கார்ந்த இடத்தில் உலகம் வேண்டும் இவருக்கு.

நான் ஜெயசீலனைக் குடைந்து கேட்டதில் உண்மை வந்தது. வாங்குகிறவர் அவர்களுடைய கிராக்கி, நம்முடையவர் இல்லை. போன் நம்பரை மறைத்துத்தான் தருவார்கள். டப்பா கிளம்பியதும் பேரும் விலாசமும் நம் பக்கத்திலிருந்து மறைந்துவிடும். யாருக்குச் சேவு போட்டோம் என்றே தெரியாமல் சேவு போட வேண்டும். பஜாரில் வாசலை அடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வியாபாரம் பண்ணுவானா எவனாவது?

வேண்டாம் என்றேன். ஏன் என்றார் இவர். கடைக்காரிக்குக் கிராக்கி முகம் தெரிய வேண்டாமா என்றேன். இணையத்தில் முகம் ஏது என்றார். பேராவது தெரியட்டும் என்றேன். அதோடு தராசைத் துடைக்கப் போய்விட்டார். என்னோடு வாயாடி ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

பூண்டு ஒரு மூட்டை வந்தது. தனியாக உட்கார்ந்து உரித்தேன். விரல் எரிகிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் பொங்கியது. ஒற்றை ஆளாகக் குலவை போட்டேன். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினால் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. முதலில் எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. அடுப்புப் புகை என்று இவரிடம் சொன்னேன்.

ஜனவரி 17, வெள்ளி

இன்றைக்கு எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

தவமணி பெண்சாதி தமயந்தி எனக்கு ஓரகத்தி. ஊரில் ஓரகத்திகள் எப்படி இருப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், தண்ணிக் குடத்துக்குக்கூடச் சண்டை. நாங்கள் அப்படி இல்லை. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே கடையில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பூண்டு உரித்தோம். அவள் பேசிக்கொண்டே இருப்பாள், கை பாட்டுக்கு உரித்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் சேவுத் தட்டைச் சாய்த்து அடியில் கிடக்கிற தூளை வழிப்பாள். நொறுங்கின சேவு, மிளகு, பூண்டுத் துணுக்கு, எல்லாம் கலந்து கிடக்கும். அதைக் காகிதத்தில் கொட்டி இரண்டு பேரும் கட்டங்காப்பியோடு தின்போம். 'யக்கா, முழுச் சேவெல்லாம் ஊருக்கு, தூளு நமக்கு' என்பாள். முழுச் சேவை அவள் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சிவராத்திரி அன்று குலசாமி கோயிலில் வைத்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு வளர்ந்தது. பஜாரில் கூட்டம் குறைகிறது, நாலுவழிச் சாலையில் ஒரு கடை போடலாம் என்றார் தவமணி. பஜாரை விட்டு நகர மாட்டேன் என்றார் இவர். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அப்பாவை இழுத்தார்கள், வளர்த்ததை இழுத்தார்கள், சொல்லக்கூடாததை எல்லாம் சொன்னார்கள். கடைசியில் சாமி முன்னால் சூடத்தை ஏற்றி, இரண்டு பேரும் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினார்கள். இனி உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் பேச்சு இல்லை, போக்குவரத்து இல்லை, நல்லது கெட்டது இல்லை.

நாங்கள் இரண்டு பொம்பளைகளும் பொங்கல் பானைப் பக்கம் நின்றோம். எங்களை யாரும் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் பண்ணின சத்தியம் எங்களுக்கும் சேர்த்துத்தான். மீறினால் பிள்ளைகளுக்கு ஆகாது. எனக்கு மகன் இருக்கிறான், அவளுக்கு மகள் இருக்கிறாள். எந்தத் தாய் துணிவாள்?

அவர்கள் ஓசூருக்குப் போய்விட்டார்கள். பலசரக்குக் கடை வைத்திருப்பதாகக் கேள்வி. அவள் நம்பர் என் போனில் இன்னும் இருக்கிறது. நான் அழுத்தியதில்லை. அவளும் அழுத்தியதில்லை.

சரி, போதும். டைரியைக் கடை விஷயத்துக்காகத்தான் எடுத்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

வாட்ஸப் கடையைப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம் என்றார் ஜெயசீலன், போட்டும் காட்டினார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பேர், ஊர் எல்லாம் தெரிகிறது.

கொசுறு கேட்க இடம் எங்கே என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். எங்கள் கடையில் யார் சேவு வாங்கினாலும் நிறுத்து முடித்த பிறகு கொசுறு உண்டு. சிலர் சீவல் கேட்பார்கள், சிலர் மிக்சர், சிலர் காரக்கடலை. கேட்டதை ஒரு கை அள்ளிப் போடுவோம். மாமனார் காலத்திலிருந்து இதுதான் வழக்கம். கொசுறு கொடுக்காத கடை கடையே இல்லை. இணையத்தில் வாங்குகிறவன் மட்டும் என்ன பாவம் செய்தான்? அவனும் தனக்கு வேண்டியதைக் கேட்க ஒரு கட்டம் வேண்டும்.

'அக்கா, நீங்களே ஏதாச்சும் ஒண்ணு வச்சு அனுப்புங்களேன்' என்றார். அது கொசுறு இல்லை, இலவச இணைப்பு என்றேன். கொசுறு என்றால் வாங்குகிறவன் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

வாட்ஸப் கடையில் அந்தக் கட்டம் வைக்க முடியாதாம். சரி, அந்தக் கடையை மூடு என்றேன். இவர் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு கை மிக்சருக்காக ஊர்ப்பட்ட கடையெல்லாம் தள்ளுகிறாளே என்று பக்கத்துப் பாத்திரக்கடைக்காரரிடம் புலம்பியது என் காதில் விழுந்தது.

ஜனவரி 28, செவ்வாய்

இலவச மென்பொருளும் சரிவரவில்லை. அதில் எந்தக் கட்டம் வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் யாராவது ஒருவர் அடிக்கடி பார்த்துப் பழுது நீக்கிக்கொண்டே இருக்க வேண்டுமாம். எங்கள் வீட்டு மோட்டாருக்கே ஆள் கிடைக்கவில்லை.

மிச்சம் இருப்பது வாடகைக் கடை. பேர் தெரியும், ஊர் தெரியும், எத்தனை நாளானாலும் அழியாமல் இருக்கும். கூடவே ஒரு சின்னச் செருகலைப் பொருத்தினால் கொசுறுக் கட்டமும் வைக்கலாம் என்று ஜெயசீலன் கண்டுபிடித்துவிட்டார். பாவம், வீட்டில் பெண்சாதி திட்டும் அளவுக்குத் தேடியிருக்கிறார்.

கூரியர் எந்த ஊருக்கு எத்தனை நாளில் போகும் என்று காட்டுவதற்காக, ஏதாவது ஓர் ஊர் சொல்லுங்கக்கா என்றார். ஓசூர் என்றேன். சும்மா வாயில் வந்தது. மதுரை என்றோ சென்னை என்றோ வந்திருக்கலாம்.

இவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் கரண்டியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். மூன்று நாளில் போய்விடுமாம்.

பிப்ரவரி 5, புதன்

இணையக் கடைக்கு என்ன பேர் என்று ஒரு பஞ்சாயத்து. தம்பி பிரிந்து போன பிறகு பிரதர்ஸ் எதற்கு, 'ரத்தினம் சேவுக்கடை' என்று போட்டால் எடுப்பாக இருக்கும் என்றான் மகன் போனில். ஜெயசீலனும் சூப்பர் என்றார். அவருக்கு எதுதான் சூப்பர் இல்லை?

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் இவர், 'போர்டுல என்ன இருக்கோ அதையே போடச் சொல்லு' என்றார். பஜாரில் தெரிந்த பேரை மாற்றினால் வியாபாரம் படுத்துவிடும் என்று காரணமும் சொன்னார். பஜாருக்கும் இணையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மகன் கேட்டதற்கு, வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டார். வேலை ஒன்றும் இல்லை. ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். பால்குடம் பார்க்கப் போகவில்லை. தமயந்திதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். தனியாகப் போனால் கூட்டத்தில் யார் கையைப் பிடிப்பது?

பிப்ரவரி 18, செவ்வாய்

சரக்குகளை எல்லாம் இணையக் கடையில் ஏற்றும் வேலையை நானே செய்கிறேன். ஜெயசீலன் சொல்லிக் கொடுத்தார், பிடித்துக்கொண்டேன். காராச்சேவு, பூண்டுச் சேவு, மிளகுச் சேவு, சீவல், மிக்சர். ஒவ்வொன்றுக்கும் படம், எடை, விலை. சேவைப் படம் எடுப்பது கல்யாணப் பெண்ணைப் படம் எடுப்பதைவிடக் கஷ்டம். எப்படி எடுத்தாலும் மண்புழு மாதிரி விழுகிறது.

கொசுறுக் கட்டத்தில் சீவல், மிக்சர், காரக்கடலை என்று போட்டேன். நாலாவதாகத் தூள் என்று போட்டேன்.

இவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். 'தூளை எவன் கேப்பான்?'

கேட்கிறவர்கள் கேட்பார்கள் என்றேன். அவர் திரையில் அந்த வரியை மறுபடி எட்டிப் படித்தார். பிறகு அடுப்பில் எண்ணெய் காய்கிறது என்று போனார். அடுப்பு பற்றவைத்திருக்கவே இல்லை.

கொசுறையும் சரக்கு மாதிரியே ஏற்றி, விலை என்ற இடத்தில் பூஜ்யம் போட வேண்டும் என்றார் ஜெயசீலன். போட்டேன். அனுப்பும் கூலி என்று ஓர் இடம் இருந்தது. கொசுறுக்குக் கூலி வாங்கினால் சிரிப்பார்கள், அதிலும் பூஜ்யம் போட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

கடை திறந்தாகிவிட்டது. லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம். சொந்தபந்தம் எல்லாருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினான் மகன். அவன் அனுப்பிய ஆட்களில் தமயந்தியின் தம்பியும் உண்டு. அவர் ஓசூருக்குப் போக வர இருப்பவர். இதை நான் மகனிடம் சொல்லி அனுப்பவைக்கவில்லை. பட்டியலில் அவர் பேர் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 25, செவ்வாய்

முதல் ஆர்டர் கரூர். இரண்டாவது சென்னை, தாம்பரம். மூன்றாவது பெங்களூர். பெங்களூர் என்றதும் நெஞ்சு துள்ளியது, ஓசூருக்குப் பக்கம்தானே. பார்த்தால் யாரோ ஒரு ஆம்பளைப் பேர். கொசுறு சீவல்.

பிப்ரவரி 27, வியாழன்

நேற்றுச் சிவராத்திரி. குலசாமி கோயிலுக்குப் போனோம். போன வருடம் மாதிரியே பூசாரி ஏற்பாடு செய்திருந்தார். தம்பி வீட்டார் காலையில் வந்து பொங்கல் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும், நாங்கள் சாயங்காலம் வர வேண்டும். எதிரெதிரே பார்த்துக்கொள்ளக் கூடாது.

நான் வேண்டுமென்றே வெள்ளன, மத்தியானத்திலேயே, கிளம்ப வைத்தேன். பஸ் கிடைக்காது என்று பொய் சொன்னேன். அப்படியும் பயனில்லை. அவர்கள் போய்விட்டிருந்தார்கள். மூன்று அடுப்புக்கல் அப்படியே கிடந்தன, தொட்டால் சூடாக இருந்தது. அதே கல்லில்தான் நானும் பொங்கல் வைத்தேன். தமயந்தி பக்கத்திலே நின்றிருப்பாள், இந்தக் கல்லைத்தான் தள்ளித் தள்ளிச் சரிபண்ணியிருப்பாள். அவளுக்கு அடுப்பு ஆடினால் பிடிக்காது. எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுப் போயிருக்கிறாள், பாவி. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது.

இவர் சாமி கும்பிடப் போயிருந்தபோது பூசாரியிடம் மெதுவாகக் கேட்டேன். சத்தியம் பண்ணின வீட்டு ஆள் கடைக்குச் சரக்கு வாங்க வந்தால் என்ன செய்வது?

'கடைக்கு வந்தவுகள எப்படித்தா திருப்பி அனுப்ப? சத்தியம் வீட்டுக்குத்தான். கடைக்கு ஏது சத்தியம்' என்றார். பிறகு திருநீறு தட்டை எடுத்துக்கொண்டே சிரித்தார். 'இதக் கேக்கிற ரெண்டாவது ஆளு நீ.'

முதல் ஆள் யார் என்று கேட்பதற்குள் இவர் வந்துவிட்டார். வேறு யார், தமயந்திதான். காலையில் கேட்டிருப்பாள். அப்படியென்றால் கடையைப் பற்றி அவளுக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னவென்று கேட்டார். சாமி பார்த்த சந்தோஷம் என்றேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

வரவில்லை.

மார்ச் 1, சனி

கோவில்பட்டி, திருச்சி, மறுபடி கரூர். கரூர்க்காரருக்குச் சேவு பிடித்துப்போய்விட்டது. நல்லா இருக்கட்டும்.

மார்ச் 3, திங்கள்

குடி முழுகிவிட்டது.

கொசுறை நான் தனிச் சரக்காக ஏற்றிவிட்டேனாம். சேவு வாங்காமல் கொசுறை மட்டும் கேட்க முடிகிறது. விலை பூஜ்யம், கூலியும் பூஜ்யம். எவனோ ஒரு புண்ணியவான் இதைக் கண்டுபிடித்து ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டுவிட்டான். விடிந்து பார்த்தால் போன் ஓயாமல் கிணுகிணுக்கிறது. மிக்சர் மட்டும், மிக்சர் மட்டும், சீவல் மட்டும். வடக்கே எங்கெங்கோ இருந்தெல்லாம் வந்திருக்கிறது. அந்த ஊர்க்காரனுக்குச் சாத்தூர் எந்தத் திசை என்றாவது தெரியுமா?

சாத்தூரில் எத்தனை வருடமாகக் கடை நடத்துகிறோம். சேவு வாங்காமல் கொசுறை மட்டும் நீட்டு என்று ஒரு மனுஷன் கை நீட்டியதில்லை. பிச்சைக்காரர்கூட ஒரு பாக்கெட் வாங்கிவிட்டுத்தான் கேட்பார். இப்படியும் ஆட்கள் இருப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இவர் குதித்த குதியில் பாத்திரக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கட்டம் வேணும், கட்டம் வேணும்னு ஒத்தக்காலில் நின்னியே, இப்ப பாரு கட்டத்தை என்றார். இணையக் கடை அவர் நம்பரில் இருப்பதால் எல்லாம் அவர் போனுக்குத்தான் வருகிறது. அதை என் கையிலிருந்து பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நானே ஜெயசீலனோடு பேசி எல்லாத்தையும் கேன்சல் பண்ணிக்கிறேன், நீ இந்தப் பக்கமே வராதே என்றார்.

தப்பு என்னுடையது. ஆனால் ஒரு பயம் பிடித்து ஆட்டுகிறது. அந்தக் கும்பலோடு கும்பலாக அவள் கேட்டிருந்தால்? அவளுக்கும் சேர்த்துத்தானே போகும், உங்கள் ஆர்டர் ரத்து செய்யப்பட்டது என்று. வாசலுக்கு வந்தவளை முகத்தில் அடித்து அனுப்பினது மாதிரி ஆகிவிடாதா? நானே சொன்னதாகத்தான் நினைப்பாள். அதற்குப் பிறகு எந்த ஜென்மத்திலும் வரமாட்டாள்.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் இட்லி தின்னும்போது, 'எல்லாம் முடிஞ்சது. கேன்சல் பண்ணியாச்சு' என்றார். நான் பாதி இட்லியோடு எழுந்துவிட்டேன்.

அவர் அரைப்பு மில்லுக்குப் போன நேரம் பார்த்து லேப்டாப்பைத் திறந்தேன். வரிசையாகச் சிவப்பு. ரத்து, ரத்து, ரத்து. கீழே தள்ளிக்கொண்டே போனேன். அடியில் ஒன்றே ஒன்று மட்டும் சிவப்பாகாமல் கிடந்தது.

தமயந்தி தவமணி. பாகலூர் ரோடு, ஓசூர். கொசுறு: தூள்.

'தமயந்தி' என்று வாய்விட்டுச் சொன்னேன். இரண்டு வருடமாக அந்தப் பேரைச் சத்தமாகச் சொன்னதில்லை. அத்தனை பேர் மிக்சரும் சீவலும் கேட்டிருக்கிறார்கள், தூள் கேட்ட ஆள் அவள் ஒருத்திதான். சேவு வாங்கவில்லை. அவளுக்கு எதற்குச் சேவு?

இது எப்படித் தப்பியது என்று ஜெயசீலனுக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டர் மறந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

'இல்லக்கா. மொத்தமா ரத்து பண்ணிரலாம்னுதான் சொன்னேன். அண்ணாச்சி ஒவ்வொரு பேரா வாசிக்கச் சொன்னாக. அம்புட்டையும் வாசிச்சேன். இந்தப் பேரு வந்ததும் இன்னொரு தடவ வாசின்னாக. அப்புறம், இத மட்டும் விட்டுரு தம்பின்னாக. உங்க சொந்தமாக்கா?'

எங்க வீட்டு ஆள் என்றேன்.

மில்லிலிருந்து இவர் வந்ததும் நான் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய தட்டைச் சாய்த்துத் தூளை வழித்து, காகிதத்தில் பரப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முழு மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரம் வைக்கிறார். நான் நின்று பார்த்தேன்.

'சின்னவன் பல்லுல மிளகு மாட்டுனா கத்துவான்' என்றார், நிமிராமல். தம்பியைச் சின்னவன் என்று இவர் சொல்லிக் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது.

அதன் பிறகு எனக்கு வாய்ப்பூட்டு கழன்றுவிட்டது. பிள்ளைகளுக்கு ஏதும் ஆகிவிடாதே, சத்தியம் என்ன ஆவது என்று கேட்டுவிட்டேன்.

'கடைக்கு ஏது சத்தியம்' என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூசாரியிடம் முதல் ஆளாகக் கேட்டது தமயந்தி இல்லை, இவர்தான். எப்போது கேட்டார், போன வருடமா, அதற்கும் முன்னாலா, தெரியவில்லை. மனுஷன் இத்தனை நாள் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஈ ஓட்டியிருக்கிறார். கோபம் வந்தது. முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் நான் தனியாக அழுதிருக்க மாட்டேன், இரண்டு பேருமாக அழுதிருக்கலாம்.

டப்பாவில் தூளைப் போட்டு மூடப் போனேன். கையைப் பிடித்தார்.

'வெறும் கொசுற எவனாச்சும் அனுப்புவானா? சேவோட சேத்து அனுப்புனாத்தான் அது கொசுறு. பூண்டுச் சேவு ரெண்டு கிலோ வையி.'

வைத்தேன். கடிதம் எதுவும் வைக்கவில்லை. பேச்சு இல்லை என்பது பேச்சு இல்லைதான். டேப்பை அவரே ஒட்டினார், ஒரு டப்பாவுக்கு ஒட்ட வேண்டியதைப் போல நாலு மடங்கு.

மார்ச் 5, புதன்

மதுரை தாண்டிவிட்டது என்று காட்டுகிறது.

மார்ச் 6, வியாழன்

சேலம். இவர் பத்து தடவை என்ன ஆச்சு என்று கேட்டார். எது என்றால், கரூர்க்காரர் ஆர்டரைத்தான் கேட்டேன் என்கிறார்.

மார்ச் 8, சனி

நேற்று முழுக்க 'ஓசூர் வந்தடைந்தது' என்றே நின்றது. இன்று மத்தியானம் சோறு போடும்போது போன் கிணுங்கியது. சோற்றுக் கையோடு பார்த்தேன்.

ஒப்படைக்கப்பட்டது. பெற்றுக்கொண்டவர்: தவமணி.

அவளிடம்தான் போகும் என்று நினைத்திருந்தேன். வாசலில் நின்று வாங்கியது அவர். டப்பா மேல் பெரிய எழுத்தில் ஆர்.டி. பிரதர்ஸ் என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கியிருக்கிறார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை.

இவரிடம் நீட்டினேன். கையைக் கழுவிவிட்டு வந்து, வேட்டி நுனியில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். எழுத்தைப் பெரிசாக்கச் சொன்னார். பெரிசாக்கினேன். மறுபடி படித்தார். சாப்பாட்டுக்கு உட்காரவே இல்லை. வாசலில் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் தட்டை மூடி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

அந்த நேரம் பார்த்து ஜெயசீலன் கூப்பிட்டார். ரத்து செய்த பிறகும் வெறும் கொசுறு ஆர்டர் வந்துகொண்டே இருக்கிறதாம். சேவு வாங்கினால்தான் கொசுறு என்று மாற்றிவிட ஒரு நிமிட வேலைதானாம், இப்போதே செய்துவிடட்டுமா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் இவர் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

'வேண்டாம் தம்பி. அது அப்படியே கிடக்கட்டும். பத்துப் பேரு ஓசியில தின்னா தின்னுட்டுப் போறான்.'

ஜெயசீலன் சூப்பர் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் தட்டைத் துடைக்கப் போனேன். ஏற்கனவே துடைத்திருந்தது. தூள் தனியாக ஒரு டப்பாவில் இருந்தது, மிளகு பொறுக்கி, மூடி இறுக்கி.